பத்துக்கு எத்தனை

தண்டையார்பேட்டையில்
பெயின்ட் கடைக்கு மேலே மாடி.
கண் டாக்டரா என்று கேட்டாள் மேபல்.
கண்ணை வைத்துத்தான், ஆனால் கண்ணுக்கு இல்லை
என்றேன். எனக்கே அவ்வளவுதான் தெரியும்.

நஸ்ரின் மேடம் நாற்காலியைச் சற்று விலக்கிப் போட்டார்,
பக்கத்துப் பக்கத்துத் தடத்தில்
எதிரெதிரே வரும் வண்டிகள் போல,
இடிக்காத தூரத்தில்.
"தலையை ஆட்டாதீங்க எபினேசர். கண் மட்டும்."
இரண்டு விரல்.
இடம், வலம். இடம், வலம்.

முதலில் சிரிப்பு வந்தது.
இருபத்திரண்டு வருஷம்
நேரே பார்க்கச் சம்பளம் வாங்கியவன்.
சிக்னல், தண்டவாளம், சிக்னல்.
பக்கவாட்டில் பார்ப்பது பயணிகள் வேலை.

"எது வருதோ வரட்டும், தள்ளாதீங்க.
ரயில்ல ஜன்னலோரம் உக்காந்து
வெளியே ஓடறதைப் பாக்கற மாதிரி..."
பாதியில் நிறுத்தி உதட்டைக் கடித்தார்.
எல்லோருக்கும் சொல்வதாம்.
பரவாயில்லை மேடம், என்றேன்.
எண்ணூர் பஸ் என்று வைத்துக்கொள்வோம்.

கொருக்குப்பேட்டை கேட் தாண்டி,
மாலை ஐந்து நாற்பது.
நிலக்கரி ஏற்றிய ஐம்பத்தெட்டு பெட்டி.
பச்சை பனியன்.

விசாரணைத் தாளில் எல்லாம் எழுதினேன்.
ஹார்ன் அடித்தீரா? அடித்தேன்.
எத்தனை முறை? விடாமல்.
வேகம், தூரம், கையொப்பம்.
அவன் என்னைப் பார்த்தான் என்பதற்கு
அதில் கட்டம் இல்லை.

பார்த்தான்.
பதினான்கு மாதமாக அதுதான்.
சோற்றுத் தட்டில், குழாயடியில்,
மேபலின் தோளுக்குப் பின்னால்,
அந்த முகம் என்னைப் பார்க்கும்.

"பத்துக்கு எத்தனை?"
பத்து.
"உடம்புல எங்க?"
உள்ளங்கையில். பிரேக் பிடித்த கை.
அது இன்னும் பிடியை விடவில்லை.

மூன்றாவது வாரம்
கீழே டின் குலுக்கும் மெஷின் ஓடியது.
தரை அதிர்ந்தது, எனக்குப் பழக்கமான அதிர்வு.
"இப்ப என்ன வருது?"
பெயின்ட் வாசனை.
"அதோட போங்க."
போனேன். மணலி வானத்தில் எரியும் ஜுவாலை.
அப்பாவின் சைக்கிள், செயின் கழன்றது.
யாருடைய கல்யாணமோ, உப்பில்லாத சாம்பார்.
அது ஏன் வந்ததென்று இன்றுவரை தெரியாது.
"மூச்சு விடுங்க."

பிறகு பச்சை பனியன்.
இடம். வலம்.
அவன் கண்ணும் அசைந்தது.
இடம். வலம்.
எனக்கு மேலே, இன்ஜினுக்கு மேலே,
கரன்ட் கம்பிக்கும் மேலே
டீலில் அறுந்த காத்தாடி ஒன்று
ஆடி ஆடி இறங்குகிறது.
வாயைத் திறந்து, கையைத் தூக்கி,
இதோ பிடித்துவிட்டேன் என்ற முகம்.
என்னை அவன் பார்க்கவே இல்லை.

அழுதேன்.
இல்லை, கண் களைத்து நீர் வந்திருக்கலாம்.
இரண்டுக்கும் அவர் அதே டிஷ்யூ பெட்டியைத்தான் நகர்த்தினார்.
நிஜமாகப் பார்த்ததா மேடம்,
இல்லை, நானே கட்டிவிட்ட காத்தாடியா?
அவர் உறுதி எதுவும் தரவில்லை.
"பத்துக்கு எத்தனை?" என்றுதான் கேட்டார்.
ஆறு.

இப்போது யார்டில் ஷன்டிங் வேலை.
மெயின் லைனுக்கு மனு போடவில்லை.
பரணி என்று பேர், ஏழாம் வகுப்பு.
அவன் தெருவின் முனைவரை ஒருமுறை போய்த்
திரும்பிவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை மூன்று சொன்னேன்.
இன்னும் குறைக்கலாம் என்றார்.
மூன்று இருக்கட்டும் மேடம்.
அது என்னுடையது இல்லை.

மாடி இறங்கினால் எண்ணூர் பஸ் நிற்கிறது.
ஜன்னலோரம் இடம்.
சுங்கச்சாவடி, கண்டெய்னர் வரிசை, கடல் ஒரு துண்டு,
வந்து வந்து போயின.
டிக்கெட்டை எந்தக் கையால் வாங்கினேன் என்று
கவனிக்கவில்லை.